பதினைந்தாவது சுற்று

மூக்கண்டப்பள்ளியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரெக்கார்டு என்றால் அவள்தான். தள்ளுவண்டிக்காரர்கூட "ரெக்கார்டும்மா, கத்திரிக்கா காலைல பறிச்சது" என்பார். அவளுடைய கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் பி.காம். என்றும், அவள் பெயருக்குப் பக்கத்தில் மூவாயிரம் மீட்டர் என்றும் அச்சடித்திருந்தார்கள். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அது எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுக்கிற படிப்பு என்று என்னிடம் விசாரித்தார்.

இப்போது அவர்கள் இருந்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். கணவருக்கு மாற்றல் வந்து கர்நாடகப் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்வி. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ளும்படி நான் வைத்துக்கொள்ளவும் இல்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரைக்கும் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சு. அவளிடம் ஒரே ஒரு கோளாறு உண்டு. எதைப் பார்த்தாலும் எண்ணுவாள். அவள் தாய்மாமனுக்கு நாகரசம்பட்டியில் மாந்தோப்பு. கோடை லீவு முடிந்து வந்ததும் நாங்கள் எல்லாரும் எங்கே போனோம், என்ன தின்றோம் என்று பீற்றிக்கொண்டிருப்போம். அவள் மட்டும் தோப்பில் எத்தனை மரம், அதில் பட்டுப்போனது எத்தனை என்று சொல்லுவாள். வீட்டிலிருந்து பள்ளிக்கு எத்தனை வேகத்தடை, மலைக்கோயிலுக்கு எத்தனை படி, பி.டி. சார் ஒரு பீரியடில் எத்தனை தடவை "ஓகேவா" என்றார் என்பதெல்லாம் அவளிடம் இருக்கும். யாரும் கேட்டதில்லை. கேட்காமலேயே சொல்லுவாள்.

இந்தக் கோளாறால் ஒருநாள் எங்கள் வகுப்பே அடி வாங்கியது. கணக்கு மிஸ் எங்கள் எல்லாருக்கும் ஐம்பது தோப்புக்கரணம் கொடுத்துவிட்டு போன் பேச வராந்தாவுக்குப் போனார். மிஸ் தலை மறைந்ததும் நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். திரும்பி வந்தவர் முடிந்ததா என்று கேட்க, முடிஞ்சிது மிஸ் என்று முப்பது பேரும் கோரஸாகச் சொன்னோம். ரெக்கார்டு மட்டும் காதைப் பிடித்தபடியே, "முப்பத்தெட்டு ஆச்சு மிஸ். இன்னும் பன்னெண்டு இருக்குது" என்றாள். அந்தப் பன்னிரண்டையும் போட்டு முடித்தாள். மிஸ் அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் பிரம்போடு வந்தார். ஒரு வாரம் அவளோடு யாரும் பேசவில்லை. எத்தனை பேர் பேசவில்லை என்று அவள் எண்ணி வைத்திருப்பாள்.

இப்படிப்பட்ட பிறவி நெடுந்தூர ஓட்டத்துக்குப் போகாமல் வேறு எதற்குப் போகும்? நூறு மீட்டர் ஓடுகிறவளைப் பார்க்க ஊரே கூடும். மூவாயிரம் மீட்டர் ஓடுகிறவளை முதல் இரண்டு சுற்று பார்த்துவிட்டுக் கூட்டம் சுண்டல் வாங்கப் போய்விடும். எங்கள் மைதானத்தில் சுண்ணாம்புத் தூள் கொட்டி வரைந்த தடம் ஒரு சுற்றுக்கு இருநூறு மீட்டர்தான். அதற்கு மேல் நீட்டினால் ஒரு பக்கம் சத்துணவுக் கூடத்துக்குள் ஓட வேண்டும், மறுபக்கம் தொழிற்பேட்டை காம்பவுண்டுச் சுவரில் மோத வேண்டும். ஆகவே பதினைந்து சுற்று. பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். அவளுக்கு அதுதான் சொர்க்கம், எண்ணிக்கொண்டே ஓடலாம்.

ஆனால் ஓடுகிறவர்கள் எண்ணும் கணக்கு செல்லாது. ஒவ்வொரு ஓட்டக்காரிக்கும் ஒரு பெண் மேஜையில் உட்கார்ந்து, அவள் கடக்கும் ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு கோடு போட வேண்டும். எனக்கு வீசிங், ஓட முடியாது. கையெழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும். அதனால் பத்தாம் வகுப்பு விளையாட்டு விழாவில் அவளுக்குக் கோடு போடும் பொறுப்பு எனக்கு வந்தது. எனக்குப் பக்கத்தில் சுமதி, இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தவளுக்குக் கோடு போட்டாள். அந்தப் பெண் ரெக்கார்டுக்கு நாலடி பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

நான் எட்டாவது கோடு போட்டபோது சிறப்பு விருந்தினரின் கார் உள்ளே நுழைந்தது. காலையிலேயே வரவேண்டியவர், மத்தியானம் வந்தார். எச்.எம். ஓடி வந்து, சந்தனத் தட்டு பிடிக்க வேர்க்காத ஒருத்தி வேண்டும் என்றார். அந்த வெயிலில் மொத்தப் பள்ளியும் நனைந்திருந்தது. ஓடாதவள், ஆடாதவள், இஸ்திரி கலையாதவள் நான் ஒருத்திதான். என்னை எழுப்பித் தட்டைக் கையில் கொடுத்தார்கள். விருந்தினர் சந்தனத்தைத் தொட்டு, எந்த வகுப்பு பாப்பா என்று கேட்டு, போட்டோவுக்கு நின்றார். போட்டோக்காரர் இன்னொன்று என்றார். அதற்கும் நின்றார்.

நான் மேஜைக்குத் திரும்பியபோது அவள் ஒரு சுற்று கடந்திருந்தாளா இரண்டா என்று தெரியவில்லை. இரண்டு கோடு போட்டேன். என் தாளில் பத்து, சுமதியின் தாளில் ஒன்பது. பி.டி. சார் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். சுமதியிடம் என்னைக் காட்டி, "ஜரீனா எழுத்தப் பாரு, உன்னுதப் பாரு. கோழி கிண்டுன மாதிரி. இன்னொரு கோடு போடு" என்றார். சுமதி இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். சந்தனத் தட்டோடு போனவள் நான். யார் தாள் சரி என்று அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. சார் என் எழுத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தார், அதைக் கேட்க நன்றாக இருந்தது.

ஒரு சுற்று முன்னதாகவே கடைசிச் சுற்றுக்கான மணியை அடித்தார்கள். முடிவுக் கோட்டில் பிடித்திருந்த கயிறு அவள் நெஞ்சில் பட்டு அறுந்தது. அவள் நிற்கவில்லை. கயிற்றை மாலை மாதிரி இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தாள். சார் பின்னாலேயே ஓடி, வளைவில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அவள் ஏதோ சொன்னாள். கூட்டத்தின் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. அதற்குள் அறிவிப்பாளரான தமிழ் ஐயா மைக்கில் கதை கட்டிவிட்டார். சாதனை படைத்த பிறகும் இந்தச் சிங்கக்குட்டிக்கு ஓட்டம் அடங்கவில்லை பாருங்கள் என்றார். விருந்தினரே எழுந்து நின்று கை தட்டினார்.

அன்றிலிருந்து அவள் ரெக்கார்டு. பள்ளிச் சுவரில் அவள் நேரத்தைப் பெயின்டில் எழுதினார்கள். என் பதினைந்து கோடும் கையெழுத்தும் போட்ட தாளை லேமினேட் செய்து எச்.எம். அறையில் மாட்டினார்கள். அந்தச் சுவரில் அதைவிட நேர்த்தியான பொய் எதுவும் மாட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

பிறகு மண்டலப் போட்டி வந்தது. அங்கே யாரும் சந்தனத் தட்டு நீட்டவில்லைபோல, மூவாயிரம் மீட்டரையும் முழுசாக ஓட விட்டார்கள். ஏழாவதாக வந்தாள். ஊர் சும்மா இருக்குமா? தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். வெறுங்காலோடு ஓடிப் பழகியவளுக்கு ஷூ மாட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள். கண் பட்டுவிட்டது என்று எங்கள் அம்மாவே சொன்னார். அடுத்த வருடம் ஒன்பதாவது. அதற்கும் காரணம் ரெடியாக இருந்தது. அவள் மட்டும் எந்தக் காரணமும் சொல்லவில்லை. நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

படிப்பு முடிந்ததும் ஒரு கம்பெனி அவளை விளையாட்டுக் கோட்டாவில் எடுத்துக்கொண்டது. அசெம்பிளி லைனில் வேலை. அங்கேயும் அவள் ட்ரேயில் இருக்கும் திருகாணிகளை எண்ணினாள், அதுவும் இரண்டிரண்டு தடவை. லைன் நின்றுவிடுகிறது என்று சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். அவளை லைனிலிருந்து காப்பாற்றியது அவளுடைய கால்தான். பாதுகாப்பு வாரம் வந்தால் தீப்பந்தம் கொடுத்து ஓடவிட்டார்கள். ஹெல்மெட் விழிப்புணர்வுக்கு ஹெல்மெட் மாட்டி ஓடினாள். வாக்களிப்பது கடமை என்று பனியன் போட்டு ஓடினாள். டெங்குக் காலத்தில் கொசு மருந்துப் புகை வண்டிக்கு முன்னால் ஓடவிட்டார்கள். புகையில் யாருக்கும் அவள் தெரியவில்லை, இருமல் சத்தத்தை வைத்துத்தான் ரெக்கார்டு வருகிறாள் என்று கண்டுபிடித்தோம். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ஒரு பொன்னாடை. அவளுடைய பீரோவில் புடவையைவிட அதுதான் அதிகம்.

நானும் ஒன்றும் குறைந்தவளில்லை. டிப்ளமோ முடித்து, வண்டிகளுக்குப் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் சேர்ந்து, அதற்கே தலைமைப் பொறுப்புக்கு வந்துவிட்டேன். முடியளவு வித்தியாசம் இருந்தாலும் பீஸைத் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போடுவேன். என்னைக் கண்டால் லைன்காரர்கள் பீஸை இன்னொரு தடவை அளந்து பார்ப்பார்கள். கேன்டீனில் சாப்பிடும்போது ரெக்கார்டைப் பற்றிப் பேச்சு வந்தால் நான்தான் அதிகம் சிரிப்பேன். உலகத்தில் இருக்கிறதையெல்லாம் எண்ணுகிற மகராசிக்கு அந்த ஒரு சுற்று மட்டும் கணக்கில் தவறிவிட்டதாம் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொள்வேன். வெளியே சொன்னதில்லை. சொன்னால் என் கோடும் சேர்ந்து வந்துவிடுமே.

இதற்கிடையில் தொழிற்பேட்டை முதலாளிகள் ஒன்றுகூடி ஓர் அறக்கட்டளை வைத்து ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தார்கள். ரெக்கார்டின் நேரத்தை எந்தப் பெண் முந்துகிறாளோ அவளை பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கவைத்து, படிக்கவும் ஓடவும் வைப்பார்கள். பெரிய மனதுதான். பதினைந்து சுற்று ஓடுகிற பிள்ளை, பதினான்கு சுற்று ஓடியவளின் நேரத்தை முந்த வேண்டும். வருடா வருடம் ரெக்கார்டு மேடையில் உட்காருவாள், பிள்ளைகள் ஓடிக் களைத்து விழுவார்கள், வாக்குறுதி பத்திரமாக வீடு திரும்பும்.

அப்படியிருக்கும்போதுதான் எங்கள் பழைய பள்ளிக்கு நாகவேணி வந்தாள். உத்தனப்பள்ளிப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பம், வீட்டில் தெலுங்கு. பத்தாவது முடித்ததும் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட அவள் அப்பா ஏற்பாடு செய்திருந்தார். ரெக்கார்டை உடைத்தால் பெங்களூர், இல்லாவிட்டால் லைன். அந்தப் பெண்ணுக்கு அது நன்றாகத் தெரியும்.

விளையாட்டு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரெக்கார்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாடி."

"இருக்கட்டும். அந்த நாகவேணி ஓடுனத பாத்தியா ஜரீ?"

"பள்ளிக்கூடத்துப் பக்கமே நான் போவல."

"நான் போனேன். வாட்ச் வெச்சிக்கினு பாத்தேன். பதினஞ்சு சுத்துக்கு என் டைம் அவளுக்கு வராது. எவளுக்கும் வராது. பதினாலு முடிஞ்சப்ப வாட்ச்ச பாத்தேன். எனக்கு ஆறு செகண்டு முன்னால இருக்குறா."

நான் பேச்சை மாற்ற டீ போடட்டுமா என்றேன்.

"அன்னைக்கி பதினாலுதான ஜரீ?"

இருபது வருடத்தில் முதல் தடவையாக அதை ஒருவர் வாயால் கேட்டேன். "அதெல்லாம் யாருக்கு நெனப்பு இருக்குது" என்றேன்.

"எனக்கு இருக்குது. உனக்கும் இருக்குது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப இத்தினி வருஷமா பொன்னாடை வாங்கும்போது எங்க போச்சு உன் கணக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "அன்னைக்கே சொன்னேன்டி. சாரு கைய புடிச்சப்பவே, இன்னொண்ணு இருக்குது சார்னு சொன்னேன். அவரு உன் பேப்பர எடுத்துக் காட்டுனாரு. ஜரீனா தப்பு பண்ணமாட்டா, ஓடுற மயக்கத்துல நீதான் ஒண்ணு வுட்டுட்டேன்னாரு. நானும் நம்பிட்டேன். உன் கோடு அவ்ளோ நேரா இருந்திச்சு. அப்பறம் எதையுமே ஒரு தபா எண்ணுனா நம்பிக்கை வரல. ரெண்டு மண்டலப் போட்டியும் முடிஞ்சி, ரொம்ப நாள் கழிச்சிதான் எனக்குத் தெளிஞ்சிது. அதுக்குள்ள வேலை குடுத்துட்டாங்க. வேலைய வெச்சிதான் வீட்ல அடுப்பு எரிஞ்சிது. அதான் வாய மூடிக்கினேன். தப்புதான்."

திருகாணியை இரண்டு தடவை எண்ணுகிறாள் என்று கேன்டீனில் நான் அடித்த கிண்டலெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எண்ணத் தெரிந்த ஒருத்தியை எண்ணவே பயப்படும்படி செய்தது என் அழகான கையெழுத்து. அது போதாதென்று இத்தனை வருடம் அவளைக் கேலி பண்ணிச் சிரித்தும் இருக்கிறேன்.

"மேடையில நான் சொல்லிடறேன். நான் மட்டும் சொன்னா நம்பமாட்டாங்க. நீ எழுந்து, உண்மைதான், நான்தான் ஒரு கோடு சேத்துப் போட்டேன்னு சொன்னா போதும். அந்தப் புள்ள பெங்களூரு போயிடும்."

"சொல்றேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அன்று இரவு பாரம் இறங்கினாற்போல் நன்றாகத் தூங்கினேன்.

விழா அன்று நாகவேணி ஓடினாள். அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. பத்தாவது சுற்றிலேயே மற்றவர்களை ஒரு முழுச் சுற்று முந்திவிட்டாள். இந்தத் தடவை கூட்டம் சுண்டல் வாங்கப் போகவில்லை. ஓடி முடித்து, சுண்ணாம்புக் கோட்டின்மேலேயே உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி மேடையைப் பார்த்தாள். நேரத்தை அறிவித்தார்கள். ரெக்கார்டைவிட அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். இந்த ஆண்டும் சாதனை முறியடிக்கப்படவில்லை என்று மைக் சொன்னது. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது.

ரெக்கார்டு எழுந்து மைக்கை வாங்கினாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அன்னைக்கி நான் ஓடுனது பதினாலு சுத்துதான். ஒரு சுத்து கொறச்சல். நானும் பதினஞ்சு ஓடியிருந்தா இந்தப் புள்ள டைமுக்குப் பின்னாலதான் வந்திருப்பேன். சுவத்துல இருக்கறத அழிச்சிட்டு அவ பேர எழுதுங்க" என்றாள்.

மேடையிலிருந்து சிரிப்பு வந்தது. இப்போதைய எச்.எம். மேடம் அவள் கையிலிருந்து மைக்கைச் செல்லமாக வாங்கிக்கொண்டார். "பாத்தீங்களா, இதுதான் பெருந்தன்மை. ஒரு சின்னப் பொண்ணு மனசு ஒடஞ்சிடக் கூடாதுன்னு தன்னோட சாதனையவே கொறச்சுச் சொல்றாங்க. மாணவிகளே, இத நீங்க கத்துக்கணும்" என்றார். ரெக்கார்டு இல்ல மேடம், இல்ல மேடம் என்று கையை ஆட்டினாள். மைக் இல்லாதவளின் பேச்சு யாருக்குக் கேட்கும்?

எச்.எம். அதோடு விடவில்லை. "அந்தப் பேப்பர் இன்னும் என் ரூம்ல இருக்கு. பதினஞ்சு கோடும் முத்து முத்தா இருக்கு. அதப் போட்ட ஜரீனா மேடமும் இங்கதான் இருக்காங்க, குவாலிட்டி மேனேஜர். எழுந்து நில்லுங்க மேடம்" என்றார்.

அறக்கட்டளை சார்பில் மேடையில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் கம்பெனி ஜெனரல் மேனேஜர். பக்கத்தில் இருந்தவரிடம், இது நம்ம லேடி, இவங்க கையெழுத்துப் போட்டா கஸ்டமர் பெட்டியத் தெறந்தே பாக்கமாட்டான் என்று பெருமையாகச் சொல்வது முன்வரிசைக்கே கேட்டது. நான் எழுந்தேன். ரெக்கார்டு என்னையே பார்த்தாள். கீழே சுண்ணாம்புக் கோட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளையும் என்னைப் பார்த்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி, ஒரு வாரமாக மனப்பாடம் செய்தது. நான் நின்றதைப் பார்த்ததும் கூட்டம் கை தட்டத் தொடங்கியது. எங்கும் ஒரே கைதட்டல்.

நானும் கை தட்டினேன். மேடையில் நின்றவளைப் பார்த்து, அவளுடைய பெருந்தன்மையைப் பாராட்டி, எல்லாரையும்விட அதிக நேரம் தட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எழுந்ததுதான் எழுந்தேனே என்று முதல் பரிசை என் கையாலேயே கொடுக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ், மூன்று அடுக்கு. நாகவேணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தேங்க்ஸ் மேடம் என்றாள். அவள் முழங்காலில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. மேடைப் படியோரம் நின்றிருந்த அவள் அப்பா டப்பாவை வாங்கி, ஒவ்வோர் அடுக்காகத் திறந்து பார்த்தார்.

"நல்ல கெட்டியா இருக்குது மேடம்" என்றார். "கம்பெனிக்கி சோறு எடுத்துக்கினு போவ ஆவும்."